எனாமல் பெயிண்டில் என் எக்ஸ்எல்: மூன்று கோடைக்குப் பிறகு

உழைக்கும் பழைய வண்டிக்கு, வீட்டுக் கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற சாதாரண சிந்தெட்டிக் எனாமல் போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போதும், பெட்ரோல் டேங்கைத் தவிர. என் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பருக்கு வாசலிலேயே வைத்து பிரஷ்ஷாலும் சின்ன ஃபோம் ரோலராலும் சிவப்பு எனாமல் அடித்தேன். அதற்குப் பிறகு மூன்று கோடையும் மூன்று ஐப்பசி மழையும் கடந்துவிட்டன. அடித்த மறுநாள் எடுத்த படத்தை வைத்து எந்தப் பெயிண்டையும் எடை போட முடியாது. அன்றைக்கு எல்லாமே மினுமினுக்கத்தான் செய்யும். வெயிலில் நின்று, புல்லுக்கட்டும் தவிட்டு மூட்டையும் சுமந்து, கயிறு அறுத்து, பெட்ரோல் வழிந்த பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

பெயிண்ட் அடிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் அழகு அல்ல. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவுச் சான்று 15 வருடம்தான் செல்லும். அதன் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். துருப்பிடித்த மட்கார்டோடு போய் நிற்க மனம் வரவில்லை. பட்டறையில் விசாரித்தால் நான்காயிரத்துக்குக் குறையாது என்றார்கள். விற்கப் போனால் வண்டியே அதைவிட எவ்வளவு கூடப் போகும் என்று தெரியாது. பெயிண்ட், ரெட் ஆக்சைடு பிரைமர், உப்புத்தாள், வாட்டர் பேப்பர், டர்பன்டைன், பிரஷ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பெயிண்ட் பாதிக்கு மேல் மிச்சம். ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டிங்குக்குப் பத்து சதுர மீட்டர் வரை வரும். எக்ஸ்எல்லில் அடிக்க வேண்டிய தகடு அதில் ஒரு மூலைக்குக் காணாது. அரை லிட்டர் டப்பாவே தாராளம்.

எனாமலைப் பற்றி ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். பட்டறைகளில் முன்பு பரவலாக அடித்த என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னர் ஆவியாகிப் போனதும் வேலை முடிந்தது. இப்போது அடிக்கிற பியூ (பாலியூரிதேன்) பெயிண்டில், இறுக வைக்கிற ஹார்டனரைக் கலந்ததும் அது தனக்குள்ளேயே வினைபுரிந்து இறுகிவிடும். எனாமல் அப்படி இல்லை. முதலில் டர்பன்டைன் ஆவியாகும். அதன் பிறகு பெயிண்டைப் பிடித்து நிறுத்துகிற ஆல்கைட் ரெசின் என்ற பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகும். காற்று மேலிருந்துதான் வர முடியும் என்பதால் மேல்தோல் முதலில் காயும், அடி பிறகுதான் காயும். தடிப்பாக அடித்த இடத்தில் சுருக்கம் விழுவதும், இரண்டு நாள் கழித்து நகத்தால் அழுத்தினால் தடம் பதிவதும் இதனால்தான். நாலைந்து மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. மறுநாள் அடுத்த கோட்டிங் அடிக்கலாம். ஆனால் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும்.

எங்கள் சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகிற லாரியின் பாடிக்கு எனாமல் அடித்தே தலை நரைத்த பெயிண்டர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். “தம்பி, எனாமலுக்குத் தேவை உங்கள் கை அல்ல, உங்கள் பொறுமைதான். மெல்லிசாக அடித்துவிட்டு வண்டியை மறந்துவிடுங்கள்” என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: “மண்ணெண்ணெய் கலந்தால் பிரஷ் சுகமாக ஓடும். ஓடட்டும் என்று கலந்துவிடாதீர்கள்.” காசை மிச்சம் பிடிக்கப் பலர் அதைத்தான் செய்கிறார்கள். மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது. பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுக்கும், பளபளப்பும் மங்கும். டர்பன்டைனைக்கூடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் சேர்க்கவில்லை.

பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுக்கத் தேவையே இல்லை. கம்பெனியில் அடுப்பில் வேகவைத்த பூச்சு அது. துருப்பிடிக்காமல் கெட்டியாக ஒட்டியிருக்கும் இடங்களில் அதைவிட நல்ல பிரைமர் நமக்குக் கிடைக்காது. 320 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் நீக்கினால் போதும். துரு உள்ள இடத்தில்தான் கம்பி பிரஷ்ஷும் 80 எண் உப்புத்தாளும் வேண்டும். அங்கே இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை தேய்த்து அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். பழைய பெயிண்டுகளில் ஈயம் இருந்திருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசியைக் கிளப்பாமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நுரையீரலுக்கும் நல்லது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

எக்ஸ்எல்லுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. டூ-ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலோடு எரியும் ஆயில் சைலன்சர் வழியாகப் புகையாக வந்து பின் மட்கார்டின் அடிப்பக்கம் முழுக்கப் படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் தகட்டில் கூட அந்த எண்ணெய் இருக்கும். அதன் மேல் பெயிண்டை இழுத்தால் பூச்சு ஒட்டாமல் சுற்றிலும் ஒதுங்கி, மிளகளவு குழிகளாக நிற்கும். சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை கழுவி, வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்துத் துடைக்க வேண்டும். துணியில் மஞ்சள் படிவது நிற்கும்வரை துடைத்தால் குழி விழுவதில்லை. மூன்று வருடத்தில் என் பின் மட்கார்டின் அடியில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. அதற்கு நான் பாராட்டுவது பெயிண்டை அல்ல, அந்த வெள்ளைத் துணியைத்தான்.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். ஆடிக்காற்றில் அடித்தால் ஊர்ப் புழுதியெல்லாம் பெயிண்டில் இருக்கும். மார்கழியில் அடித்தால், காய்வதற்குள் பனி இறங்கிப் பளபளப்பு வெளுத்துவிடும். மாசியில் காலை வெயில் ஏறியதும் தொடங்கி உச்சிக்குள் முடிப்பது நல்லது. தகடு கை வைக்க முடியாதபடி சுட்டால் பிரஷ் தடம் சமனாகப் பரவுவதற்குள் காய்ந்து கோடு கோடாக நின்றுவிடும். தட்டையான இடங்களுக்கு ரோலர், வளைவுகளுக்கு ஒரு அங்குல பிரஷ். டப்பாவைத் திறந்ததும் மேலே கட்டியிருக்கும் ஆடையைக் கலக்கிவிடாமல் எடுத்து எறிந்துவிட்டு, பெயிண்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டேன். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எனாமல் இறுகும்போது சூடு வெளிவரும், குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. விரித்துப் போட்டுக் காயவிட்டுத்தான் குப்பையில் சேர்க்க வேண்டும்.

மூன்று கோட்டிங் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டு 400 எண் பேப்பரால் லேசாகத் தேய்த்துக்கொண்டேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பிரஷ் வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிட்டே வந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

என் வண்டியைப் பார்த்துவிட்டு அதே கடையில் அதே பெயிண்டை வாங்கி மச்சானும் அவருடைய வண்டிக்கு அடித்தார். மூன்றாம் நாள் கேரியரில் சிமெண்ட் மூட்டையை ஏற்றி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அவிழ்த்தபோது கயிற்றின் முறுக்கு அப்படியே கேரியர் கம்பியில் அச்சாகப் பதிந்திருந்தது, சில இடங்களில் பெயிண்ட் கயிற்றோடு வந்துவிட்டது. நான் மூன்று வாரம் பாரம் ஏற்றவில்லை. இரண்டு வண்டிகளின் கேரியரையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே பெயிண்ட் என்று நம்புவது கடினம்.

இனி வருடக் கணக்குக்கு வருகிறேன். முதல் வருடம் குறையே இல்லை. சொல்லப்போனால் ஆறாவது மாதத்தில் பூச்சு அடித்த நாளைவிடக் கெட்டியாக இருந்தது. இரண்டாவது கோடையில் வானம் பார்த்த பாகங்கள் மங்கத் தொடங்கின. முன் மட்கார்டின் நெற்றியைக் கட்டைவிரலால் தேய்த்தால் விரலில் குங்குமம் போலச் சிவப்பு ஒட்டும். புற ஊதாக் கதிர் ரெசினைச் சிதைத்துவிட, பிடிமானம் இழந்த நிறமி பொடியாக மேலே வந்து நிற்பதுதான் அது. கம்பெனிப் பூச்சுகள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. வீட்டு எனாமல் நிழலில் நிற்கிற கதவுக்குச் செய்யப்பட்டது. அதைக் குறையாகச் சொல்வது நியாயம் இல்லை. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துணியால் தேய்த்தால் பழைய நிறம் வந்துவிடும், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் பூச்சின் கனம் குறையும். நான் வருடத்துக்கு ஒரு முறை தேய்த்து மேலே மெழுகு போடுகிறேன். சீட்டின் நிழல் விழும் இடங்களிலும் ஃபோர்க்கிலும் மட்கார்டின் பக்கவாட்டிலும் நிறம் இன்றும் அடித்த அன்றைக்குப் போலவே இருக்கிறது.

எனாமல் தோற்ற இடம் டேங்க். மூடியைச் சுற்றி ஒரு கையகலம். பங்க்கில் குழாயை எடுக்கும்போது சொட்டுகிற பெட்ரோல், பழைய ரப்பர் வாஷர் வழியாகக் கசிகிற பெட்ரோல் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஆல்கைட் பூச்சுக்குப் பெட்ரோல் ஆகாது. உடனே துடைத்தால் தப்பிக்கும், துடைக்கத் தாமதமானால் இளகித் தோல் சுருங்கும். வாஷரை மாற்றினேன், துணி ஒன்றைச் சீட்டுக்கு அடியில் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். இருந்தும் அந்த வட்டத்தில் மட்டும் ஒவ்வொரு வருடமும் தேய்த்து அடிக்க வேண்டியிருக்கிறது. மெழுகு எதற்கும் உதவவில்லை, பெட்ரோல் அதையும் கரைத்துவிடும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அடிக்காதீர்கள். இரும்பில் இன்னும் கெட்டியாக நிற்கிற அதே பூச்சு, ஹெட்லைட் கூட்டில் முதல் மழைக்காலத்தையே தாண்டவில்லை, பட்டை பட்டையாக உரிந்தது. சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் அலுமினியப் பெயிண்ட் தனியாக விற்கிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் எனாமலுக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்றால், அதைச் சரிசெய்வது அவ்வளவு சுலபம். பியூ அடித்த வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல அது. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமா வரக்கூடும். எனாமலில் கீறல் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே தொட்டுவிடலாம். மிச்சப் பெயிண்டைப் பெரிய டப்பாவில் வைக்காமல், மூடி இறுகுகிற சிறிய கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி வைத்திருக்கிறேன். உள்ளே காற்று இல்லாததால் ஆடை கட்டவில்லை, இன்றும் அப்படியே இருக்கிறது. தொட்ட இடம் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும் என்பது உண்மைதான். அடுத்த வெயிலில் அதுவும் சேர்ந்துவிடும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. எனாமல் ஷேடு கார்டில் பிஓ ரெட், பிரோசா, ஆக்ஸ்போர்டு ப்ளூ என்று ஆசை காட்டும். ஆனால் வண்டியின் நிறம் ஆர்சியில் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ராணுவ ஆலிவ் பச்சைக்கு ஆசைப்படுவார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு உரியது. என் வண்டி சிவப்பாகவே பிறந்ததால் அந்த அலைச்சல் இல்லை. ஃபிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டே வேலையைத் தொடங்கினேன். புதுப்பிக்கப் போகும் இடத்தில் அதன் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். மூன்று கோட்டிங்குக்கு அடியில் எண் புதைந்திருந்தால் அங்கேயே நின்று சுரண்ட வேண்டியதுதான்.

வருகிற மாசியில் மட்கார்டுகளின் மேற்பக்கத்துக்கு மட்டும் இன்னும் ஒரு கோட்டிங் அடிக்கப் போகிறேன். டேங்கை மட்டும் கழற்றிப் பட்டறையில் பியூ அடிக்கக் கொடுத்துவிடலாம் என்று பேசிவிட்டேன். எனாமலின் மேல் அப்படியே அடித்தால் தின்னர் பட்டு அது பொங்கி எழுந்துவிடும், இரும்பு தெரிகிறவரை சுத்தமாகச் சுரண்டிக் கொண்டுவந்தால்தான் அடிப்பேன் என்கிறார் பட்டறைக்காரர். சுரண்டுவதற்கு அவர் கேட்ட கூலி, அடிப்பதற்குக் கேட்டதைவிட அதிகம். அதனால் 80 எண் உப்புத்தாள் மறுபடியும் வாங்கி வைத்திருக்கிறேன்.