தமிழ்த் திருத்தச் செயலி: ஒற்றுப் பிழை தெரிகிறது, மரியாதைப் பிழை தெரியவில்லை

இலக்கணப் பிழையும் பார்க்கும், புண்படுத்தும் சொற்களையும் சுட்டிக்காட்டும் என்று சொல்லி விற்கப்படும் ஒரு தமிழ்த் திருத்தச் செயலியைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பெயர் வேண்டாம், சொற்பட்டியலை வைத்து ஓடும் எந்தச் செயலிக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

இலக்கணப் பகுதி நன்றாகவே இருக்கிறது. 'அந்த பையன்' என்று அடித்தால் ப் போடச் சொல்கிறது, 'செய்திகள் வந்தது' என்றால் 'வந்தன' என்கிறது. உரையாடலில் வரும் 'போய்ட்டு வரேன்' கூட அதற்குப் பிழைதான், அது ஒன்றுதான் எரிச்சல். பேச்சுத் தமிழ் தப்புத் தமிழ் இல்லை என்று யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்புறம் புண்படுத்தும் சொற்கள். 'கற்பழிப்பு' என்று எழுதினால் 'பாலியல் வன்புணர்வு' என்று மாற்றச் சொல்கிறது. முழுக்கச் சரி, செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவள் எதையோ இழந்துவிட்டாள் என்று பழி போடுகிற சொல் அது. 'ஊனமுற்றவர்' போய் 'மாற்றுத்திறனாளி' வருவதும், பழைய கேலிப் பெயர்கள் போய் 'திருநங்கை' வருவதும் அப்படித்தான். இதெல்லாம் வீண் நாசூக்கு, எதைத்தான் பேசுவது என்று அலுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று கேட்பவர்கள் அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள். தமிழுக்கு இந்த எண்ணம் புதிதும் இல்லை: அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல் என்கிறது தொல்காப்பியம், நன்னூல் அதை இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில், அதாவது ஒரு சொல்லுக்குப் பதில் தகுந்த வேறு சொல்லால் சொல்லும் வழக்கில், சேர்க்கிறது. அது கூச்சத்தைப் பற்றியது, இது மரியாதையைப் பற்றியது, சரிதான். ஆனால் கேட்பவரை நினைத்துச் சொல்லைத் தேர்வது இரண்டுக்கும் பொது.

சிக்கல் செயலி இதைச் செய்யும் விதத்தில் இருக்கிறது. 'மயிரிழையில் தப்பினான்' என்றால் சிவப்புக் கோடு. 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று தொடங்கும் 969ஆம் குறளை ஒட்டினாலும் அதே கோடு. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'பள்ளியில் என்னை நொண்டி என்று கூப்பிட்டார்கள்' என்று அடித்துப் பார்த்தேன். 'பள்ளியில் என்னை மாற்றுத்திறனாளி என்று கூப்பிட்டார்கள்' என்று திருத்திக் கொடுத்தது. நடந்த கொடுமையையே அழித்துவிட்டு, கேலி செய்தவர்களை நாகரிகமானவர்களாக்கிவிட்டது. தனக்கு நடந்ததைச் சொல்ல வரும் ஒருவர் கையில் இந்தத் திருத்தத்தைக் கொடுப்பது கெடுதல். திட்டுவதற்கும், திட்டு வாங்கியதைச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாத கருவி சும்மா இருந்தாலே போதும்.

அடுத்தது இன்னும் பெரிது. 'டாக்டர் வந்தார், நர்ஸ் வந்தாள், துப்புரவுத் தொழிலாளி வந்தான்.' இந்த வரியைக் கொடுத்தேன், ஒரு கோடுகூட இல்லை. இலக்கணம் சுத்தம், பட்டியலில் உள்ள சொல் எதுவும் இல்லை. ஆனால் யார் மரியாதைக்கு உரியவர், யார் இல்லை என்று மூன்று விகுதிகள் தீர்ப்பு எழுதிவிட்டன. தமிழில் அவமதிப்பு பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, வினைமுற்றின் வாலில், 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவில். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கால் வந்த உயர்சொல், இலக்கண விதிப்படி வந்ததல்ல என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்லியிருக்கிறது. அதனால் இலக்கணத்தைப் பார்க்கிற பகுதிக்கு இது பிழையாகத் தெரியாது, சொல்லைத் தேடுகிற பகுதிக்கும் கண்ணில் படாது. 'இவங்களெல்லாம் படிச்சு என்ன செய்யப் போறாங்க' என்பதற்கும் 'படித்து' என்று எழுதச் சொன்னதோடு சரி. வயதில் மூத்தவரை வேலையைப் பார்த்து ஒருமையில் எழுதுவது கெட்ட வார்த்தையைவிட ஆழமாக வெட்டும், ஏனென்றால் எழுதுபவருக்கே அது உறைப்பதில்லை. ஒரே பத்தியில் சிலருக்கு 'ஆர்', சிலருக்கு 'ஆன்' என்று வந்தால் ஒரு கேள்வி கேட்டால் போதும், திருத்தக்கூட வேண்டாம். கணினிக்கு அது கஷ்டமான வேலையும் இல்லை.

சந்திக்காகவும் ஒருமை பன்மைக்காகவும் தாராளமாக வாங்கலாம், மாணவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் உதவும். புண்படுத்தும் சொல் பகுதியில் 'தானாகத் திருத்து' என்பதை முதல் வேலையாக அணைத்துவிட்டு, 'சுட்டிக்காட்டு' என்பதை மட்டும் விட்டுவையுங்கள். வாக்குமூலம், நேர்காணல், கதை எழுதுபவர்கள் அந்தப் பகுதியையே மூடிவிடுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் இலக்கணத்துக்கு.