14,500 ரூபாய்த் தூண்டில் தடியும் இரண்டு கடலும்

மலைநாட்டுப் பசறையில் இருந்துகொண்டு கடல் மீன் பிடிக்கிற தடியைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. லுணுகலை, பிபிலை, மஹாஓயா என்று பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கினால் கண் விழிக்கும்போது உப்புக் காற்று. இந்தப் பக்கம் எல்ல, வெல்லவாய வழியாக இறங்கினால் தங்காலை, கிரிந்தை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை தெற்குக் கரையில் கல்லில் நிற்க முடியாது, கிழக்கு அமைதியாக இருக்கும். டிசம்பரில் கிழக்கு கொந்தளிக்கும், தெற்கு திறந்துவிடும். நடுவில் மலையில் இருப்பவனுக்கு வருடம் முழுக்க ஏதோ ஒரு கடல் கிடைக்கும்.

இந்தத் தடியை 2023இல் கொழும்பு புறக்கோட்டையில் வாங்கினேன். தடியும் ரீலும் சேர்த்து 14,500 ரூபாய். அப்போது தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். "என்னோட பதினாலு நாள் கொழுந்து ஒரு குச்சியா?" என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த பெயரை எழுதப்போவதில்லை. எழுதியும் பிரயோசனமில்லை. அதே தடி, அதே ரீல், வேறு வேறு ஸ்டிக்கரோடு மூன்று கடையில் தொங்கியது. அடையாளம் வேண்டுமானால், கணு கணுவாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் மடக்குத் தடி, பத்தரை அடிக்கு நீளும், மடக்கினால் ஒரு மீட்டரைத் தாண்டும், கறுப்பு ஸ்பொஞ்ச் பிடி, 4000 அளவு ரீல்.

அனுபவசாலிகள் மடக்குத் தடியை மதிப்பதில்லை. இரண்டு துண்டாகக் கழற்றும் தடிதான் நன்றாக வளையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஐந்தடி நீளத் துண்டுகளோடு காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கண்டக்டரும் திட்டுவார், கூடையோடு நிற்கும் அம்மாவும் திட்டுவார். இதை முதுகுப் பையில் செருகினால் பிடி மட்டும் காதுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியை விட்டுவிடலாம்.

முதலில் தடி. கார்பன் என்று எழுதியிருக்கிறது. தூக்கிப் பார்த்தால் கண்ணாடி நாரும் நிறையக் கலந்திருப்பது தெரிகிறது. எனக்கு அது நல்லதாகவே போயிற்று. கல்லில் இரண்டு தரம் விழுந்தும் கீறலோடு தப்பியது. தனிக் கார்பன் அப்படிப்பட்ட அடிக்கு வெடித்திருக்கும். 100 கிராம் வரை எறியலாம் என்று போட்டிருக்கிறார்கள். நான் 60க்கு மேல் போடுவதில்லை. அதற்கு மேல் போனால் நுனி தயங்குவது கையில் தெரியும்.

மடக்குத் தடிக்கு எதிரி மணல். மட்டக்களப்பு முகத்துவாரத்தில் மணலில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மடக்கினால் மூன்றாவது கணு இறங்கவில்லை. இழுத்தால் இறுகும். பழைய சைக்கிள் டியூபை இரண்டு துண்டாக வெட்டி, கணுவுக்கு மேலும் கீழும் சுற்றிப் பிடித்து, இழுக்காமல் திருக வேண்டும். இப்போது அந்த டியூப் துண்டுகள் பையை விட்டு வெளியே வருவதில்லை. கிரிந்தையில் ஒரு வளையம் கழன்று வந்தது. அரல்டைட் வைத்து ஒட்டினேன், அது மூலத்தை விடப் பலமாக நிற்கிறது.

இனி ரீல். எனக்கு இதில்தான் பேச்சு அதிகம். நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத் தொழிற்சாலையில், மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். "12+1 பெயரிங்" என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பரை விரித்துக் கழற்றி எண்ணினேன். குண்டு பெயரிங் ஐந்து, மற்றதெல்லாம் பிளாஸ்டிக் புஷ், குண்டில்லாத வெறும் வளையம். பல்சக்கரத்தில் குறை சொல்ல மாட்டேன், பற்கள் சுத்தமாகப் பொருந்துகின்றன. பெயரிங் எண்ணிக்கையைப் பார்த்து ரீல் வாங்காதீர்கள்.

கழற்றியவன் சும்மா விட்டிருக்கலாம். ஸ்டோரில் ரோலருக்குப் போடும் கிரீஸை உள்ளே அள்ளி வைத்தேன். கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றவிடாமல் பிடிக்கும் ஒருவழிக் கிளச்சிலும் அது ஏறிவிட்டது. அங்கே கிரீஸ் பட்டால் உள்ளே இருக்கும் உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். அடுத்த பயணத்தில் மீன் இழுத்ததும் கைப்பிடி தலைகீழாகச் சுற்றி விரல் மூட்டில் விளாசியது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயோடு நிறுத்தியதும் சரியாயிற்று. இது ரீலின் குற்றமில்லை, என் கைக்கொழுப்பு.

உண்மையான குறை வேறு இடத்தில். தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) சுற்றும் வழியில், வளைகம்பியின் ஓரத்தில், சுண்டு விரல் நகம் அளவில் ஒரு சின்ன உருளை இருக்கிறது. மொத்த இழுவையும் அதன் மேல்தான் ஓடுகிறது. உள்ளே இருந்தது பிளாஸ்டிக் புஷ். ஏழாவது மாதம் இறுகிவிட்டது. சுழலாத உருளையின் மேல் தங்கூசி உரசி உரசி ஒரு கோடு விழுந்திருந்தது, நகத்தை வைத்தால் தட்டுப்படும். அது தெரியாமல் கிழக்குக் கரையில் ஒலுவிலில் எறிந்தேன். பாரை மீன் ஒன்று பிடித்தது. இரண்டு ஓட்டம் ஓடியது, மூன்றாவது ஓட்டத்தில் தங்கூசி தலைமுடி மாதிரி சுருண்டு திரும்பி வந்தது.

அந்த உருளை எங்கே கெட்டது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளாயிற்று. கடலில் கெடவில்லை, பசறையில் கெட்டது. கரையில் இருப்பவர் நாளைக்கும் போவார், ரீல் சுழன்றுகொண்டே இருக்கும். நான் ஒரு நாள் பிடித்துவிட்டு ஐந்து வாரம் சுவரில் மாட்டிவிடுகிறேன். உப்பு ஈரத்தை இழுக்கும். மார்கழி மூடுபனியில் தீப்பெட்டியே நமுத்துப் போகிற வீட்டில், இடுக்கில் ஒட்டியிருக்கும் உப்பு ஒரு நாளும் காயாது. ஐந்து வாரமும் அரித்துக்கொண்டே இருக்கும். மலையில் இருந்து கடலுக்குப் போகிறவர்கள் கரைக்காரர்களை விட அதிகமாகக் கழுவ வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்று முன் ரீலைக் கழுவுகிறேன். முதலில் டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் தங்கூசியை வழுக்கவிடும் பிரேக்கை, இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே உள்ள தட்டுகளுக்குப் போய்விடும். பைப்பை வேகமாகத் திறக்கக் கூடாது, வேகம் உப்பை உள்ளேதான் தள்ளும். மழைத் தூறல் மாதிரி ஊற்றி, துணியால் ஒற்றி, டிராக்கைத் தளர்த்திவிட்டு மாட்ட வேண்டும். இறுக்கியே வைத்தால் தட்டுகள் நசுங்கிப் போகும். தடியின் வளையங்களின் காலடியையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு. உருளைக்கு ஸ்டோர் லேத்தில் பித்தளைப் புஷ் ஒன்று கடைந்து போட்டேன். அதற்குப் பிறகு இறுகவில்லை.

டிராக் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கூசி 20 இறாத்தல், அதாவது சுமார் 9 கிலோ தாங்கும். அதில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் வழுக்க வேண்டும். கையால் இழுத்துப் பார்த்து வைக்கிறவர்கள் பெரும்பாலும் கூடுதலாகவே வைக்கிறார்கள். நான் மாலை நிறுவைக்குப் பிறகு கொழுந்து நிறுக்கும் தராசுக் கொக்கியில் தங்கூசியைக் கட்டி, தடியை வளைத்து இழுத்து, இரண்டரை கிலோவில் வழுக்கும்படி திருகினேன். "என்னா பிட்டரு, இது எந்த மலைக் கொழுந்து?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். சாக்கை மடித்துக்கொண்டிருந்த அக்காமார் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. ஆனால் டிராக் அருமை. இந்த விலைக்கு இவ்வளவு சீராக விட்டுக்கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முகத்துவாரத்தில் பக்கத்தில் நின்ற பெரியவர், "இழுக்காத மனே, அது போகட்டும், விட்டுக்குடு" என்றார். விட்டேன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடிய விளை மீன் வந்தது. அவர் வெறும் கையில் தங்கூசியைச் சுற்றி அதே நேரத்தில் நான்கு பிடித்திருந்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒலுவில் கல்லணை இந்தத் தடிக்குக் கடுமையான இடம். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். வாயில் மணல் நிரம்பிப் படகு நுழைவதே பாடாகிவிட்டது. வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்றது. ஆனால் அந்தக் கற்களின் இடுக்கில் கலவாய் மீன் உண்டு. ஏறுமுன் அங்கே நிற்பவர்களிடம் கேளுங்கள், எல்லா நாளும் விடமாட்டார்கள். தூண்டிலோடு கட்டும் ஈயக் குண்டைக் கல்லிடுக்கு தின்னும். அதனால் ஈயத்துக்குப் பதில் ஸ்டோரில் கழித்த துருப்பிடித்த நட்டுகளை, மெயின் தங்கூசியை விட மெல்லிய தங்கூசியில் கட்டுகிறேன். சிக்கினால் நட்டு மட்டும் அறும், தூண்டிலும் மீனும் திரும்பும்.

ஜூலை, ஆகஸ்டில் அங்கே தரையிலிருந்து கடலுக்குக் கச்சான் காற்று வீசும். (கச்சான் என்றதும் எனக்கு பஸ்ஸில் விற்கும் கடலைதான் ஞாபகம் வரும்.) முதுகில் காற்று, அலை படுத்திருக்கும், 60 கிராம் நட்டு வழக்கத்தை விட நன்றாகத் தள்ளிப் போய் விழும். தொல்லை என்னவென்றால், ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணத்தைக் கொடுப்பதும் அதே காய்ந்த காற்றுதான். கடல் நன்றாக இருக்கிற வாரத்தில் ஸ்டோரில் லீவு கேட்க முடியாது. தெற்கில் அந்தத் தொல்லை இல்லை. ஜனவரியில் தங்காலைக் கல்லில் ஒரு பகல் நின்றால் சின்னப் பாரை, ஒரா ஏதாவது கிடைக்கும். ஏப்ரல், ஒக்டோபரில் மட்டும் பிற்பகல் இடி முழங்கினால் தடியை மடக்கிவிடுங்கள். அதில் கலந்திருக்கும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

வாங்கலாமா என்று கேட்டால், பஸ்ஸில் போகிறவர், ரீலைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் வாங்கலாம். கழுவ அலுப்புப்படுகிறவர் தடியை மட்டும் வாங்கி, உருளையில் உண்மையான பெயரிங் உள்ள ரீலைத் தனியாகத் தேடுங்கள். கடையிலேயே உருளையை விரலால் சுழற்றிப் பார்க்கலாம், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். போன மாதம் அதே கடையில் விலை கேட்டேன், 19,000 என்றார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.