வீட்டு முகவர் திருப்பித் தந்த கமிஷனுக்கு நான் கட்டிய வீண் வரி

டெக்சாஸில் 2022ஆம் ஆண்டு 6 லட்சம் டாலருக்கு நாங்கள் வீடு வாங்கியபோது, எங்கள் முகவர் தமக்குக் கிடைக்கும் கமிஷனில் 9,000 டாலரை எங்களுக்கே திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார். பணம் சொன்னபடி வந்தது. ஆனால் காசோலையைத் தருமுன், வரி அடையாள எண்ணைக் கேட்கும் டபிள்யூ-9 படிவத்தில் என் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வாங்கிக்கொண்டார்கள். வழக்கமான நடைமுறை என்றதால் நானும் காரணம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், அந்த 9,000 டாலரை 'இதர வருமானம்' என்று காட்டும் 1099-மிஸ்க் படிவம் வந்தது. முகவர் நிறுவனத்திடம் கேட்டபோது, எல்லோருக்கும் இப்படித்தான் அனுப்புகிறோம் என்று முடித்துவிட்டார்கள். வரிக் கணக்கு எழுதுபவரும் படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அதை வருமானத்தில் சேர்த்தார். 22 சதவீத விகிதத்தில் 1,980 டாலர் கூடுதலாகக் கட்டினேன்.

அது கட்ட வேண்டிய வரியே அல்ல என்பது வேறொரு வரி ஆலோசகர் சொல்லித்தான் தெரிந்தது. வாங்குபவர் தாம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவது விலைக் குறைப்பே தவிர வருமானம் அல்ல. கார் தயாரிப்பாளர்கள் வாடிக்கையாளருக்குத் தரும் தள்ளுபடியை அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் 1976இலேயே இப்படித்தான் வகைப்படுத்தியது. வீடு வாங்குபவருக்கு முகவர் தரும் தொகைக்கும் அதுவே பொருந்தும் என்று 2007இல் ஒரு தனிக் கடிதத் தீர்ப்பில் கூறியது. அந்தத் தீர்ப்பு அதைக் கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும், மற்றவர்கள் முன்னுதாரணமாகக் காட்ட முடியாது என்றாலும், ஐஆர்எஸ்ஸின் பார்வை அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே என் வீட்டின் அடக்க விலை 5,91,000 டாலராகக் குறைகிறது, அவ்வளவுதான். விற்கும்போது லாபம் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். ஆனால் முந்தைய 5 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் சொந்த வீடாகக் குடியிருந்த தம்பதியருக்குப் பொதுவாக 5 லட்சம் டாலர் வரையிலான லாபத்துக்கு வரியில்லை.

உங்களுக்கும் இப்படிப் படிவம் வந்தால், முதலில் திருத்திய படிவத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தாலும் அதைக் கணக்கில் காட்டாமல் விட்டுவிடாதீர்கள். ஐஆர்எஸ்ஸின் கணினி ஒப்பிட்டுப் பார்த்து நோட்டீஸ் அனுப்பும். தொகையைக் காட்டி, அதே அளவைக் கழித்து, விலைக் குறைப்பு என்று விளக்கம் இணையுங்கள். இன்னும் வாங்காதவர்கள் அந்தத் தொகையைக் கடன் தரும் வங்கிக்குத் தெரிவித்து, கிரயத்தன்றே, கடன், கிரயச் செலவுகளின் இறுதிக் கணக்கைக் காட்டும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் ஆவணத்தில் வரவாகப் பதியச் சொல்லுங்கள்.

நான் 3 ஆண்டுக் கெடுவுக்குள், ஏற்கெனவே கொடுத்த வரிக் கணக்கைத் திருத்தும் 1040-எக்ஸ் படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டேன். முகவர் நிறுவனத்திடமிருந்து திருத்திய படிவம் இன்றுவரை வரவில்லை.