வம்ச வரலாற்றைப் பலரோடு சேர்ந்து எழுதுவது: கீழக்கரையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

எங்கள் குடும்ப வரலாற்றை இணையத்தில் பொதுவில் வைத்துப் பலரோடு சேர்ந்து எழுதத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. இதில் இறங்க நினைக்கும் நம் கடற்கரைக்காரர்களுக்காக, எது உதவியது, எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.

தளங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உங்கள் குடும்ப மரம் உங்களுடையது. மற்றவர்கள் பார்க்கலாம், கைவைக்க முடியாது. பேமிலிசர்ச், விக்கிட்ரீ போன்றவற்றில் எல்லோருக்கும் ஒரே மரம். இறந்துபோன ஒருவருக்கு ஒரே பக்கம், அதை மற்ற உறுப்பினர்களும் திருத்தலாம். இந்த இரண்டு தளங்களுக்குமே கட்டணம் இல்லை. நான் பொது மர வகையைத்தான் சொல்வேன். கீழக்கரைக் குடும்பம் என்றால் பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் கொழும்பு, சென்னை, மலேசியா என்று இருப்பார்கள். ஒருவர் தலையில் மட்டும் முழு வரலாறும் இருக்காது.

ஆனால் பழைய பதிவுகள் அங்கே தயாராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேமிலிசர்ச்சில் இந்தியக் கிறிஸ்தவர்களின் திருமுழுக்குப் பதிவுகள் உண்டு, ஹரித்வாரில் யாத்திரிகர்களின் வம்சத்தை எழுதிவைக்கும் பண்டாக்கள் என்ற புரோகிதர்களின் ஏடுகள்கூட உண்டு. எங்கள் ஆட்களை அங்கே தேடி எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நமக்கு ஆதாரம் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு, வீட்டுப் பத்திரம், மையவாடியில் (அடக்கத்தலத்தில்) உள்ள மீசான் கல் (கல்லறைக் கல்), அப்புறம் பெரியவர்களின் வாய்.

பெயர்தான் முதல் சிக்கல். படிவம் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு இருப்பது வாப்பாவின் பெயரும் இனிஷியலும்தான். போதாததற்கு, எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் உம்மா, உம்மாவின் உம்மா என்று மேலே போனால்தான் ஒரே வீட்டில் நூல் அறாமல் வரும். மாற்றுப் பெயருக்கான கட்டத்தில் வீட்டுப் பெயரையும் தெருவையும் எழுத ஆரம்பித்தேன். அதன் பிறகுதான் சொந்தக்காரர்கள் தேடினால் சரியான ஆள் கிடைத்தார்.

இதைவிடப் பெரிய தொல்லை, ஆட்களை இணைத்துவிடுவது. அப்பாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் (தாத்தாவைத்தான் நாங்கள் அப்பா என்போம்). பக்கத்திலேயே ஏர்வாடி தர்கா இருப்பதால் செய்யிது இப்ராஹீம் என்ற பெயர் எந்தத் தெருவிலும் இருக்கும். இருவரும் ஒருவரே போலிருக்கிறது என்று தளம் யோசனை சொல்லும். நம் வழக்கம் தெரியாத யாரோ நல்லெண்ணத்தில் சரி என்று அழுத்திவிட்டார். அப்பாவும் பேரனும் ஒரே ஆளாகி, மருமகள் தாயாகிவிட்டார்! மாற்ற வரலாற்றைப் பார்த்துப் பிரிக்க முடிந்தது, ஆனால் மனம் நொந்துபோனது. இப்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு வரி எழுதுகிறேன்: எந்த வீட்டு மாப்பிள்ளை, எங்கே வியாபாரம், எந்த மையவாடியில் அடக்கம். இதைச் செய்த பிறகு அப்படித் தவறாக இணைப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது.

மீசானில் இருப்பது ஹிஜ்ரி வருடம். ஹிஜ்ரி 1350 என்றால் 1931 மே முதல் 1932 மே வரை. மாதம் தெரியாமல் ஒரே ஆங்கில வருடத்தைப் போட்டுவிடாமல் இரண்டையும் எழுதுங்கள், ஹிஜ்ரியையும் அப்படியே வையுங்கள்.

இத்தனை பாடுபட்டதற்கும் பலன் உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. கொழும்பிலிருந்து வந்த ஒரு பழைய கடிதம் எங்கள் பெட்டியில் கிடந்தது. எழுத்து அரபி, மொழி தமிழ். வீட்டில் யாருக்கும் அரபுத்தமிழ் வாசிக்க வராது. படம் எடுத்து எழுதியவரின் பக்கத்தில் ஏற்றினேன். இலங்கையிலிருந்து ஒரு காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) பொறுமையாக வரிக்கு வரி வாசித்து அனுப்பினார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போனது, கடைக் கணக்கு, பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெயர்களை வைத்து, 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த காலத்தில் தொடர்பு விட்டுப்போன ஒரு கிளை மறுபடி கிடைத்தது. அவர்களோடு போனில் பேசிய அன்று உம்மா அழுதுவிட்டார்.

அந்தக் கிளை வந்ததோடு வேறொரு கேள்வியும் வந்தது. அக்கரையில் இரண்டாவது குடும்பம் இருந்த செய்தி பொதுவில் வரலாமா? "இதெல்லாம் ஊருக்கே தெரியணுமா தம்பி?" என்று ராத்தா (அக்கா) கேட்டார். நியாயமான கேள்வி. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைத் தளமே மறைத்துவிடும், மௌத்தானவர்கள் விஷயத்தில் முடிவு நம் கையில். இரு பக்கப் பெரியவர்களிடமும் சம்மதம் வாங்கிப் பெயரும் வருடமும் மட்டும் போட்டோம். தலாக், கடன், வழக்கு எதையும் ஏற்றுவதில்லை.

பெரியவர்கள் சொன்னதை ஏற்றும்போது ஆதாரக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். யார் சொன்னார், என்ன உறவு, எந்த வருடம் என்று எழுதினால், வேறு தகவலோடு வருபவர் சண்டை போடாமல் அதற்குக் கீழே தன் தகவலைச் சேர்க்கிறார். எங்கள் மரத்தில் ஒரே நிக்காஹுக்கு இரண்டு வருடங்கள் இப்படி அருகருகே நிற்கின்றன, பதிவேடு பார்க்கும் வரை இரண்டும் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

சேரும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் மரத்தைக் கெட்காம் கோப்பாக (வம்ச மரத்தைத் தளம் விட்டுத் தளம் கொண்டுபோக உதவும் பொது வடிவம்) தரவிறக்க முடியுமா? எல்லாத் தளத்திலும் நேரடியாக அந்த வசதி இல்லை. இருந்தாலும் அதில் எழுத்து மட்டுமே வரும், கடிதப் படங்களையும் குரல் பதிவுகளையும் தனியாகத்தான் சேமிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பைக் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் கொடுத்திருக்கிறேன்.