தேனாம்பேட்டை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம்: 41,600 ரூபாய்க்காகப் போனவனின் அனுபவம்

கார் இன்சூரன்ஸ் கம்பெனியோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். செங்கல்பட்டில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வருகிறவர்களிடம் பேச்சு வாக்கில் கேட்டால் பாதிப் பேரிடம் இப்படி ஒரு கதை இருக்கிறது. அண்ணா சாலையில், ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில், இதற்கென்றே ஒரு அலுவலகம் இருப்பது அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன், தமிழில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்தான். அங்கே என் வழக்கு எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

விபத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது மேல்மருவத்தூருக்குப் பக்கத்தில், இடப்பக்கமிருந்து ஒரு டிவிஎஸ் 50 திடீரென்று குறுக்கே ஏறியது. வலப்பக்கம் ஒடித்தேன். மீடியன் கல்லில் முன் சக்கரம் ஏறி, பம்பர் தடுப்பில் மோதி நின்றது. யாருக்கும் அடி இல்லை, அந்த மொபெட்காரர் நிற்கவும் இல்லை. 1033க்கு அடித்ததும் ஹைவே பேட்ரோல் வந்து வண்டியை ஓரம் கட்டினார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டேன். வண்டி வேகன் ஆர், பாலிசி பம்பர் டு பம்பர், அதாவது பாகத்தின் வயதைக் காட்டிப் பணம் கழிக்காத கவர். கவலைப்பட என்ன இருக்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அதில் குறை சொல்ல முடியாது. வண்டி தரையில் நின்றபடியே சுற்றிவந்து போட்டோ எடுத்தார்: பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், ரிம், டயர். போய்விட்டார். அடுத்த நாள் ஃபோர்மேன் வண்டியை லிஃப்டில் ஏற்றி முன்பக்கத்தைக் கழற்றியபோதுதான் அடியில் நடந்திருந்தது தெரிந்தது. சக்கரத்தைத் தாங்குகிற வலப்பக்க லோயர் ஆர்ம் வளைந்திருந்தது, சக்கரம் பொருந்துகிற நக்கிளில் விரிசல், ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஸ்டீயரிங் ரேக்கின் வலது முனை வளைந்து அதன் ரப்பர் பூட் கிழிந்திருந்தது. ஃபோர்மேன் டார்ச் அடித்துக் காட்டினார்: "இங்க பாருங்க சார், விரிசல் உள்ள பளபளன்னு இருக்கு. பழசா இருந்தா இந்நேரம் துரு ஏறியிருக்கும்." அந்தப் படத்தை அவர் போனிலேயே, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தார். பிற்பாடு வழக்கையே நிமிர்த்தி வைத்தவை அவர் எடுத்த படங்கள்தான். கேட்காமலே செய்தார், நன்றாக இருக்கட்டும்.

கழற்றிய பிறகு தெரிகிற சேதத்துக்கு சப்ளிமெண்டரி எஸ்டிமேட் போட்டு அனுப்புவது வழக்கம். சர்வேயர் மறுபடி வந்து பார்க்க வேண்டும். அவர் வரவில்லை. கம்பெனியிலிருந்து மெயில்தான் வந்தது: சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பாகங்கள் எல்லாம் தேய்மானம், விபத்துக்குத் தொடர்பில்லை. மொத்த பில் 1,08,400. கழித்த விதம் இப்படி: கட்டாயக் கழிவு 1,000, ஆயில் கூலன்ட் மாதிரி கன்ஸ்யூமபிள்ஸ் 2,100, 'தேய்மானம்' 41,600. மிச்சம் 63,700 கம்பெனி கொடுக்கும். முதல் இரண்டும் நியாயம். 1,500 சிசிக்குள் இருக்கிற காருக்கு ஆயிரம் கழிப்பது எல்லாப் பாலிசியிலும் உண்டு, கன்ஸ்யூமபிள்ஸுக்கு நான் தனியாகக் கவர் எடுக்கவில்லை. மூன்றாவதுதான் தகராறு.

பம்பர் டு பம்பர் எடுத்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விபத்தில் போன பாகத்துக்கு வயதைக் காட்டிப் பணம் குறைப்பதைத்தான் அந்தக் கவர் தடுக்கும். "இது விபத்திலேயே போகவில்லை, ஓடி ஓடித் தேய்ந்தது" என்று கம்பெனி சொல்லிவிட்டால் கவர் அங்கே நுழையவே நுழையாது. தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை என்று பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது. ஆகவே சண்டை முழுக்க ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: மோதியதால் போனதா, முன்னாலேயே போயிருந்ததா?

பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜெண்ட் தம்பியைக் கேட்டேன். "விடுங்கண்ணே, சர்வேயர் எழுதிட்டா அவ்ளோதான், மாத்த மாட்டாங்க" என்றார். அப்படி ஒன்றும் இல்லை. சர்வேயர் அறிக்கை முக்கியமானது, ஆனால் அதுவே கடைசி வார்த்தை கிடையாது என்று 2009இலேயே பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமையும் நமக்கு உண்டு. கேட்டேன், கொஞ்சம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். படித்தால், ரேக்கைப் பற்றி இரண்டே வரி. படம் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு இடத்திலும் உஷாராக இருக்க வேண்டும். வண்டியை வெளியே எடுக்க மிச்சப் பணத்தை நாம் கட்ட வேண்டும், அப்போது ஒரு வவுச்சரை நீட்டுவார்கள். 'முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று பொடி எழுத்தில் இருக்கும். எட்டுப் பாயிண்ட் எழுத்தைப் படித்துத்தான் நான் சோறு தின்கிறேன், அதனால் அது கண்ணில் பட்டது. கையெழுத்துக்கு மேலே 'ஆட்சேபத்துடன் பெறப்பட்டது' என்று பேனாவால் எழுதிப் படம் எடுத்துக்கொண்டேன். எழுதாமல் கையெழுத்துப் போட்டவர்களும் பயப்பட வேண்டாம். அப்படி ஒரு வவுச்சரைக் காட்டி வாடிக்கையாளரின் உரிமையை மறிக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2015இல் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது.

ஆம்பட்ஸ்மனிடம் நேராகப் போக முடியாது. முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அங்கே போகலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள். எனக்குப் பதில் வந்தது. முதல் மெயிலில் இருந்த அதே வாசகம், மேலே 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' மட்டும் புதிது. ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதிந்து பார்த்தேன். அது புகாரைக் கம்பெனிக்கே தள்ளிவிட்டுப் பதில் வாங்கித் தருகிற வழி, தீர்ப்புச் சொல்கிற இடம் கிடையாது. கம்பெனி பதிலே போடாமல் இருந்தால் அது உதவும். என் மாதிரி ஏற்கெனவே மறுப்பு வாங்கியவர்களுக்குப் பெரிய பிரயோஜனமில்லை.

ஆம்பட்ஸ்மனுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கக் கூடாது, நாம்தான் பேச வேண்டும். ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். ஆனாலும் நான் தேனாம்பேட்டை மெட்ரோவில் இறங்கி நேரில் போய்க் கொடுத்தேன், காகிதத்தைக் கையில் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். கவுண்டரில் இருந்தவர் கட்டைப் புரட்டிப் பார்த்து, கம்பெனியின் மறுப்புக் கடிதத்தை மேலே வைக்கச் சொன்னார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அரசாங்க அலுவலகம் மாதிரியும் இல்லை, கம்பெனி ஆபீஸ் மாதிரியும் இல்லை. பிறகு ஒரு படிவம் அனுப்புகிறார்கள். ஆம்பட்ஸ்மன் விசாரிக்கச் சம்மதம், இதே விஷயமாக வேறு கோர்ட்டில் வழக்கு இல்லை என்ற உறுதி, இழப்பு எவ்வளவு, கேட்பது எவ்வளவு. அதைக் கவனமாக நிரப்ப வேண்டும், விசாரணை அதை வைத்துத்தான் நடக்கிறது.

விசாரணை வீடியோவில். அச்சகத்தில் மெஷினை நிறுத்திவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். காகிதமெல்லாம் ஆங்கிலம், பேசியது தமிழில், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆம்பட்ஸ்மன், அவருடைய அலுவலர், கம்பெனி சார்பில் ஒரு அம்மா. நான் நம்பிப் போனது வீல் அலாய்ன்மெண்ட் தாளை. விபத்துக்குச் சில வாரம் முன்னால்தான் சர்வீஸ் விட்டிருந்தேன், சக்கரங்களின் கோணத்தைச் சொல்கிற டோ, கேம்பர் எல்லா எண்ணும் பச்சைக் கட்டத்துக்குள் இருந்த பிரிண்ட் அவுட். அதைக் காட்டியதும் அந்த அம்மா சளைக்காமல் சொன்னார்: "அலாய்ன்மெண்ட் சரியா இருந்தாலும் ரேக் உள்ள தேஞ்சிருக்கலாம் சார், அது இந்தத் தாள்ல தெரியாது." உண்மைதான். எனக்கு அதற்குப் பதில் இல்லை.

ஆம்பட்ஸ்மன் தாளை விட்டுவிட்டு ஃபோர்மேனின் படங்களைத் திரையில் போடச் சொன்னார். எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கேட்டார். வலப்பக்கம் மட்டும் என்றேன். மோதியது எந்தப் பக்கம்? வலம். இடப்பக்க லோயர் ஆர்ம், ரேக் முனை எப்படி இருந்தன? இருந்தபடியே நேராக. பிறகு கம்பெனிப் பக்கம் திரும்பி, கழற்றிய பிறகு சர்வேயர் வண்டியைப் பார்த்தாரா என்று ஒரே கேள்வி. பார்த்ததாக அவர்களிடம் பதிவு இல்லை. தேய்ந்துபோன பாகம் ஆடும், சத்தம் போடும். ஒரு பக்கம் மட்டும் வளைவதும், நக்கிள் விரிவதும், விரிசலுக்குள் துரு இல்லாததும் தேய்மானத்தில் நடக்காது. இதை நான் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. காபி குடிக்கிற நேரத்தில் விசாரணை முடிந்துவிட்டது.

தீர்ப்பில் 38,200 ரூபாயும் தாமதத்துக்கு வட்டியும் கொடுக்கச் சொல்லியிருந்தது. குறைந்த 3,400 இடப்பக்க ஷாக் அப்சார்பருடையது. ஜோடியாக மாற்றினால்தான் வண்டி ஒரு பக்கம் சாயாது என்று ஒர்க்‌ஷாப்பில் மாற்றியிருந்தார்கள். அந்தப் பக்கம் அடிபடவில்லை, கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை. சரிதான். தீர்ப்பு கிடைத்த முப்பது நாளுக்குள் கம்பெனி பணத்தைக் கட்டியாக வேண்டும், கட்டிவிட்டார்கள். அவர்களை அது கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

இந்த அலுவலகத்தின் செலவை இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான் ஏற்கின்றன, ஆம்பட்ஸ்மனாக வருகிறவர் இன்சூரன்ஸ் துறையிலிருந்தும் வரலாம் என்று படித்தபோது எனக்கும் சந்தேகம் இருந்தது. பார்த்த அளவில், துறை தெரிந்தவர் இருப்பது நமக்குத்தான் லாபம். சப்ளிமெண்டரி எஸ்டிமேட் என்றால் என்ன என்று விளக்கி நேரத்தைக் கொல்ல வேண்டியிருக்கவில்லை.

யாருக்குச் சரிப்படாது என்றும் சொல்ல வேண்டும். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, அலைச்சலுக்குப் பணம் என்று கேட்கிறவர்கள் இங்கே வந்து பயனில்லை. நேரடி இழப்புக்கு மேல் கொடுக்க விதியில் இடமில்லை, உச்சவரம்பு 50 லட்சம். அந்தக் கோரிக்கைக்கு நுகர்வோர் ஆணையம்தான் இடம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போட முடியாது, யோசித்து முடிவு செய்யுங்கள். விபத்தில் காயமோ உயிரிழப்போ என்றால் எதிர்த்தரப்பு வண்டியின் இன்சூரன்ஸிடம் கேட்பதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, அது வேறு பாதை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைப் பிடித்தது விதிக்காக: நான் அச்சகத்தை மூடிவிட்டு அலைந்ததற்கு ஒரு பைசா கிடையாது. போகிறவர்கள் பாலிசி நகல், சர்வே அறிக்கை, மறுப்புக் கடிதம், கழற்றிய பாகங்களின் தேதி போட்ட படம், பில், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஒரே கட்டாக எடுத்துப் போங்கள். கழற்றிய பழைய பாகங்களை, கேஸ் முடியும்வரை ஒர்க்‌ஷாப்பில் எடைக்குப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள். என் ரேக் இன்னும் அச்சகத்தில் பேப்பர் ரீமுக்கு அடியில் கிடக்கிறது. இந்த மாதம் பழைய இரும்புக்காரர் வந்தால் போட்டுவிடுவேன்.