18 வாட் கூலர் பம்ப்: கிரீஸ் கழுவும் தொட்டிக்குத் தாங்குமா?

பம்புக்குப் பேர்போன கோவையில் இருந்துகொண்டு, ஏர்கூலருக்குள் தண்ணீர் ஏற்றும் முந்நூறு ரூபாய்ப் பம்பைப் பற்றி எழுதினால் ஊரே சிரிக்கும். ஆனாலும் என் இருசக்கர வாகனப் பட்டறையில் கிரீஸ் பிடித்த பாகங்களைக் கழுவும் தொட்டி ஓடுவது அதை நம்பித்தான்.

தொட்டி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த எவர்சில்வர் சிங்க், ஆங்கிளில் வெல்டிங் வைத்த ஸ்டாண்டு, அடியில் பிளாஸ்டிக் டப், அதற்குள் அரைச் செங்கல்மேல் பம்ப். மேலே வரும் குழாயின் முனையைப் பெயிண்ட் பிரஷ்ஷோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். தேய்க்கும் இடத்திலேயே நீர் விழும். அழுக்கோடு டப்புக்குத் திரும்பும். மண்ணும் சேறும் செங்கலுக்குக் கீழே படியும்.

அட்டைப்பெட்டியில் மணிக்கு 1,100 லிட்டர், உயரம் 1.85 மீட்டர் என்று போட்டிருந்தது. இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. 1.85 மீட்டரில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஏற்றமே இல்லாவிட்டால்தான் அந்த 1,100. எனக்கு முக்கால் மீட்டர் ஏறினால் போதும், அதற்குத் தாராளமாகவே வருகிறது. பீய்ச்சி அடிக்க வேண்டும் என்பவர்கள் பிரஷர் வாஷர் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே கிரீஸைப் பெயர்ப்பது பிரஷ்ஷும் மருந்தும்தான். பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போவது மட்டுமே பம்பின் வேலை.

"மண்ணெண்ணெய் ஊற்றினால் நொடியில் போகுமே தம்பி" என்று பட்டறைக்கு வரும் பெரியவர்கள் சொல்வார்கள். போகும்தான். ஆனால் இது தண்ணீருக்கென்று செய்த பம்ப். மண்ணெண்ணெயில் ஊறினால் வயரின் பிவிசி உறை விறைத்து வெடிக்கும். அதைவிட முக்கியம், 35 டிகிரியைத் தாண்டினாலே தீப்பொறிக்குப் பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடிய எண்ணெய் அது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சூடு வெகு சாதாரணம். கம்பெனியில் செய்த கரைப்பான் தொட்டிகளில், மூடியைத் தாங்கும் கம்பியில் சூடுபட்டால் உருகும் இணைப்பு ஒன்று இருக்கும். தீப்பிடித்தால் மூடி தானே விழுந்து மூடிக்கொள்ளும். நம் சிங்குக்கு ஏது மூடி? பெட்ரோல் பேச்சே வேண்டாம்.

நான் ஊற்றுவது தண்ணீரில் கலக்கும் டிகிரீஸர், அதாவது கிரீஸ் நீக்கும் மருந்து. மருந்து ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு, கை பொறுக்கும் சூட்டில். கொதிநீர் பம்புக்கு ஆகாது. காஸ்டிக் சோடா கலந்த மருந்து வாங்காதீர்கள். அலுமினியக் கிராங்க் கேஸை அரித்துக் கறுக்க வைக்கும், ஹைட்ரஜனும் கிளம்பும். இரும்புப் பற்சக்கரங்களைக் கழுவிய கையோடு காற்றடித்து எண்ணெய் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் துரு ஏறிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மண்ணெண்ணெய்தான் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பம்பின் உண்மையான பலவீனம் வேறு. உள்ளே சுற்றும் ரோட்டார் ஒரு காந்தம். கூலரில் அதனால் தொல்லை இல்லை. பட்டறை நீரிலோ கியர், செயின் தேய்ந்த இரும்புத்தூள் கலந்திருக்கும். அத்தனையும் போய் ரோட்டாரில் ஒட்டிக்கொள்ளும். முதலில் முனகும், பிறகு நின்றுவிடும். சிங்க் ஓட்டையருகே பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்த பிறகு தொல்லை பெரிதும் குறைந்தது. முன்மூடி ஸ்க்ரூடிரைவர் இல்லாமலேயே கழன்று வருவதால் துடைப்பது எளிது. வடிவமைத்தவருக்கு இதற்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

வயர் மட்டும் கஞ்சத்தனம், ஒரு மீட்டர்கூட முழுதாக இல்லை. இணைப்பை டப்புக்கு வெளியே, உயரத்தில் போடுங்கள். சிங்குக்கு எர்த் கொடுத்து, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக மட்டுமே மின்சாரம் கொடுங்கள். ஈரக்கையோடு எவர்சில்வரைத் தொட்டுக்கொண்டு நிற்கப்போவது நாம். தண்ணீர் வற்றவிட்டால் பம்ப் சூடேறிக் கருகிவிடும். ரோட்டார் தனியாக எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை என்பதால், வாங்கும்போதே இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.