வெளிநாட்டு வேலைக்கு இடைநிலை முதலாளி: ஓராண்டு அனுபவம்
வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்ததாரராக உழைத்த வரை முழுத்தொகையும் கைக்கு வந்தது. ஆனால் முன்கூட்டியே செலுத்தும் வருமான வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, விடுப்பு எல்லாமே என் பொறுப்பாக இருந்தன. நான் வசிக்கும் நாட்டில் அந்நிறுவனத்துக்குக் கிளை இல்லாததால், சட்டப்படி முதலாளியாக நின்று ஊதியம் வழங்கும் இடைநிலைச் சேவை ஒன்றில் சேர்ந்தேன். முதல் சம்பளச் சீட்டிலேயே பிடித்தம் செய்த வரி, சமூகப் பாதுகாப்பில் என் பங்கு, முதலாளியின் பங்கு ஆகியவை தனித்தனியே அச்சாகியிருந்தது பெரும் நிம்மதி.

எனினும், சேவைக் கட்டணத்தையும் முதலாளியின் பங்கையும் கழித்தே என் சம்பளத்தை நிர்ணயித்தார்கள் என்பதைக் கையெழுத்திட்ட பிறகே அறிந்தேன். மொத்தச் செலவுக் கணக்கை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேறொரு நாட்டில் சில மாதங்கள் தங்கி வேலை செய்வது குறித்துக் கேட்டபோது, 183 நாளுக்கு மேல் தங்காவிட்டால் அங்கே சம்பளத்துக்கு வரி இல்லை என்ற வரம்பை மட்டும் சொல்லி அச்சேவையினர் முடித்துக்கொண்டது பெருங்குறை. ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி விதிப்பதைத் தவிர்க்கும் பல இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களில், இந்த விலக்குக்குச் சம்பளம் தருபவர் அந்நாட்டில் வசிப்பவராக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.